இரவுச் சூட்டைத் தணிக்கும் படுக்கை

விடியலுக்கு முன்பே எழுந்து, நெற்றி விளக்கின் ஒளியில் பால் மரங்களிடையே நடக்கத் தொடங்குவது தோட்டப் பாட்டாளியின் அன்றாட வாழ்க்கை. இளங்காலையில் மரத்தினுள்ளே நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெட்டிய கோட்டில் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற, இலைகள் நீரை ஆவியாக வெளிவிட, அவ்வழுத்தம் குறைந்து பாலும் குறைகின்றது. மரம் நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம்தான் மரத்திற்காக எழ வேண்டியுள்ளது.

காலை நான்கரை மணிக்கு எழுபவர் ஏழு மணி நேரமாவது உறங்க வேண்டுமாயின், இரவு ஒன்பதரை மணிக்கே கண்ணயர வேண்டும். அந்நேரத்திலோ, பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரக் கூரை இன்னும் முற்றாக ஆறியிராது. புரண்டு புரண்டு படுத்து, நள்ளிரவுக்குப் பின்னர் உறங்கி, அரைகுறைத் தூக்கத்துடன் வேலைக்காட்டிற்குச் செல்வோர் பலர். உறக்கம் குறைந்த கை, கத்தியைக் கணக்காகப் பிடிப்பதில்லை. பட்டையைத் தாண்டிக் கட்டையில் காயம் பட்டால், அங்குப் புதுப்பட்டை மேடு பள்ளமாக வளரும். பின்னாளில் அவ்விடத்தில் வெட்டுவது கடினம். இருட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்வோருக்கு நேரும் ஆபத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலின், படுக்கையைப் பற்றிச் சிந்திப்பது ஆடம்பரமன்று. நம் கையால் எடுக்கும் பாலிலிருந்தே உலகின் சிறந்த மெத்தைகளுள் ஒரு வகை செய்யப்படுவதால், இதனை அறிந்துகொள்வது நமக்கு இருமடங்கு பொருத்தமாகும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். தவணை முறையில் புதிய மெத்தை ஒன்றை வாங்கி வருகின்றனர். அழுக்குப் படாதிருக்கட்டும் என்று, கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக் உறையை அகற்றாமலே அதன்மேல் பாலியெஸ்டர் விரிப்பைப் போடுகின்றனர். முதல் இரவு முதுகெல்லாம் வியர்வை. மூன்றாம் இரவு வீட்டுத் தலைவர் பாயை எடுத்துக்கொண்டு தரைக்கு வந்துவிடுகிறார். மெத்தை காட்சிப் பொருளாகிறது; தவணை மட்டும் மாதந்தோறும் போகின்றது. இங்குத் தவறு மெத்தையிலா, பயன்படுத்திய முறையிலா? இதற்கு விடை காண, உடல் எவ்வாறு சூட்டை வெளியேற்றுகின்றது என்பதை முதலில் அறிய வேண்டும்.

உடலும் சூடும்

உறங்கும் மனிதனின் உடலும் ஓயாது வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றது. வளர்ந்த ஒருவர் உறங்கும்போது வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 75 வாட் குண்டு விளக்கின் வெப்பத்திற்கு ஒப்பானது. உறக்கம் வரும் வேளையில் உடலின் உட்சூடு சிறிது இறங்கத் தொடங்குகின்றது. கை, கால்களின் தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே கொண்டு வருகின்றன. அச்சூடு தடையின்றி வெளியேறினால் உறக்கம் எளிதில் வரும். தடைப்பட்டால் உறக்கமும் தடைப்படும்.

சூடு வெளியேறும் வழிகள் நான்கு. தோல் படும் பொருளுக்குச் சூடு நேரே பாய்வது ஒன்று. தோலை ஒட்டிய சூடான காற்று விலகிப் புதுக்காற்று வருவது இரண்டு. சுற்றியுள்ள சுவர், கூரை முதலியவற்றை நோக்கி வெப்பம் கதிராகச் செல்வது மூன்று. வியர்வை ஆவியாகும்போது சூட்டையும் உடன் கொண்டு செல்வது நான்கு. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அவ்வளவும் நம் தோலிலிருந்தே எடுக்கப்படுகின்றது. வெப்பமான இரவுகளில் நமக்குப் பெருந்துணை இந்த நான்காவது வழியே.

நம் நாட்டின் தாழ்நிலப் பகுதிகளில் இரவு நேரக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுகின்றது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று, வியர்வையை மெல்லவே ஏற்கும். அத்துடன், படுத்திருக்கும்போது முதுகுப்புறம் மெத்தையில் அழுந்திவிடுவதால், அப்பகுதியில் காற்றோட்டம் இல்லை. ஆகவே நல்ல படுக்கையின் இலக்கணம் ஒன்றே: உடலைத் தாங்கவும் வேண்டும், உடலின் சூட்டுக்கும் ஈரத்திற்கும் வழிவிடவும் வேண்டும். மென்மை மட்டும் இருந்து வழி இல்லையெனில் அது வெப்பப் பொறியாகிவிடும்.

நம் பாலில் பிறக்கும் மெத்தை

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாகிவிட்டால் அது நுரை மெத்தைக்கு உதவாது. நீர்ப்பாலாகவே சேகரித்து, உறையாமலிருக்க அமோனியா கலந்து, ஆலைக்கு அனுப்ப வேண்டும். அங்கு வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் நீரின் ஒரு பகுதி பிரிக்கப்பட்டு, 60 விழுக்காடு ரப்பர் கொண்ட செறிவுப் பால் பெறப்படுகின்றது.

இப்பாலை நுரையாக்கி மெத்தை செய்யும் முறையை 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டன்லப் ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த இ. ஏ. மர்ஃபி என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தனர். கேக் மாவு அடிக்கும் வீட்டுக் கருவியைக் கொண்டே அவர் பாலை முதன்முதலில் நுரைக்க அடித்தார் என்று வழிவழியாகக் கூறுவர்.

செய்முறை இதுதான்: செறிவுப் பாலில் சோப்பு, கந்தகம், துத்தநாக ஆக்சைடு முதலியவற்றைச் சேர்த்து, முட்டையை அடிப்பது போல் நுரைபொங்க அடிப்பர். பின்னர் உறைபொருள் ஒன்றைக் கலந்து அச்சில் ஊற்றுவர். நுரை சற்று நேரத்தில் உறைந்துவிடும். அதனை நீராவியில் வேகவைக்கும்போது, கந்தகம் ரப்பருடன் இணைந்து, அழுத்தினால் மீண்டெழும் தன்மை உண்டாகின்றது. இறுதியாக நன்கு கழுவி உலர்த்துவர்.

அச்சின் உள்ளே வரிசை வரிசையாக உலோகக் கம்பிகள் நிற்கும். அவை நீராவியின் சூட்டை நுரையின் நடுப்பகுதிக்குக் கொண்டு செல்கின்றன. மெத்தையை அச்சிலிருந்து எடுத்தபின், கம்பிகள் நின்ற இடமெல்லாம் துளைகளாக அமைகின்றன. ரப்பர் மெத்தையில் காணும் துளைகளின் காரணம் இதுவே. அத்துளைகளால் மெத்தையின் எடை குறைகின்றது; காற்றும் உள்ளே நுழைகின்றது. நாம் புரளும் ஒவ்வொரு முறையும் மெத்தை துருத்தி போல் இயங்கி, சூடான காற்றை வெளியே தள்ளிப் புதுக்காற்றை உள்ளிழுக்கின்றது.

ஒருவர் படுக்கும் மெத்தைக்கு எவ்வளவு பால் தேவை? 90 சென்டிமீட்டர் அகலமும், 190 சென்டிமீட்டர் நீளமும், 15 சென்டிமீட்டர் கனமும் உடைய மெத்தையைக் கொள்வோம். ஒரு கன மீட்டர் நுரை 70 கிலோ எடை எனக் கொண்டால், மெத்தையின் எடை ஏறத்தாழ 18 கிலோ ஆகின்றது. ஒரு மரம் ஒரு வெட்டுக்கு 30 கிராம் உலர்ந்த ரப்பர் தருவதாகக் கணக்கிட்டால், கலவைப் பொருள்களை நீக்கிப் பார்க்காத தோராயக் கணக்கில், 600 மரங்களின் பால் வேண்டும். ஒருவர் ஒரு காலையில் வெட்டும் மரங்களின் பாலே ஒருவரின் மெத்தை எனலாம். மங்கைத் துடைத்து, பாலில் குப்பை விழாது காத்து, உரிய நேரத்தில் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்கும் கவனத்தின் பயன், எங்கோ ஒருவரின் நல்லுறக்கமாக முடிகின்றது.

பிற மெத்தைகளின் குணம்

இலவம் பஞ்சு: மலாய் மொழியில் கெக்காபு எனப்படும் இம்மரம் நம் வட்டாரத்தில் நன்கு வளரக்கூடியது. முன்னோர் சிறப்பித்துக் கூறிய ஐவகை அணைகளுள் இலவம் பஞ்சணையும் ஒன்று. இதன் இழை உள்ளீடற்ற குழாய் போன்றது. மேலே மெழுகுப் பூச்சுடையது. ஆதலால் எளிதில் நீரை உறிஞ்சுவதில்லை. ஆனால் நாளடைவில் நசுங்கிக் கட்டிதட்டும். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும்.

பருத்திப் பஞ்சு: வியர்வையை நன்கு உறிஞ்சும்; ஆயின் உறிஞ்சிய ஈரத்தை விரைவில் விடாது. மழைக்காலத்தில் வாடை ஏறிப் பூஞ்சணம் பிடிக்கலாம்.

தேங்காய் நார்: ரப்பர் பால் தெளித்து இறுக்கிய நார் மெத்தையில் இழைகளுக்கிடையே நிறைய இடைவெளி உண்டு. காற்றோட்டம் நன்று, சற்றுக் கடினமாக இருக்கும்.

சுருள்கம்பி மெத்தை: உள்ளே வெற்றிடம் மிகுதி, காற்று உலாவும். மேலே வைத்துத் தைத்த நுரை மிகத் தடிமனாக இருந்தால் அப்பயன் குறைந்துவிடும்.

ஸ்பஞ்சு மெத்தை: பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. விலை மலிவு. எடை குறைந்த மட்ட ரகம் விரைவில் பள்ளம் விழுந்துவிடும். பள்ளத்தில் உடல் புதைந்தால் இருபுறமும் சூடு சூழ்ந்துகொள்ளும்.

உடல் வடிவை ஏற்கும் நுரை: 1966-இல் அமெரிக்காவின் நாசா அமைப்புக்காக, விமான இருக்கைகளில் பயன்படும் பொருட்டு உருவாக்கப்பட்ட வகை இது. உடற்சூட்டில் இளகி உடலைத் தழுவிக்கொள்ளும். வலியுள்ள உடலுக்கு இதமாயினும், தழுவும் பரப்பு மிகுதலால் வெப்ப நாட்டில் சிலருக்குப் புழுக்கம் தரும்.

‘குளிர்ச்சி’ என்னும் விளம்பரம்

குளிர்ச்சி தரும் கூழ் கலந்தது, பனிபோன்ற துணி போர்த்தியது என்றெல்லாம் இக்காலத்தில் மெத்தைகள் விற்கப்படுகின்றன. இவற்றின் மேல் கை வைத்தவுடன் சில்லென்று இருப்பது உண்மையே. அறையில் உள்ள சிமெண்டுத் தரையும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், தரைதான் சில்லென்று தோன்றுகின்றது. அது நம் சூட்டை விரைவாக வாங்கிக்கொள்வதே காரணம். கூழும் அவ்வாறே. ஆனால் அதன் அடியில் உள்ள நுரை சூட்டை எளிதில் கடத்துவதில்லை. சற்று நேரத்தில் கூழும் நம் உடலளவு சூடேறிவிட்டால், அதற்கு மேல் அது வாங்க இயலாது. தோலின் வெப்பநிலையில் உருகும் மெழுகுத் துகள்கள் சேர்த்த துணியும் உருகி முடியும்வரையே உதவும். கடையில் கையால் தொட்டுப் பார்க்கும் அரை நிமிடக் குளிர்ச்சியை நம்பி அதிகப் பணம் கொடுப்பது தகாது. இரவு முழுதும் உதவுவது காற்றோட்டமும் ஈரம் உலர்தலுமே.

மேல்விரிப்பின் பங்கு

மெத்தையைவிடத் தோலுக்கு அருகில் இருப்பது விரிப்பு. சாதாரண நிலையில் பருத்தி நூல் தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்று வைத்துக்கொள்கின்றது. பாலியெஸ்டர் நூல் அரை விழுக்காடு கூட ஏற்பதில்லை. மெல்லிய, நெருக்கம் குறைந்த பருத்தி விரிப்பே நமக்கு ஏற்றது. நீண்ட நாள் துவைத்து மென்மையான பழைய கைலித் துணியும் நல்ல விரிப்பாகும்.

மெங்குவாங் பாயும் கோரைப்பாயும் நம் முன்னோரின் அறிவுக்குச் சான்று. பின்னலின் மேடு பள்ளங்களில் காற்று நிற்பதால் தோல் முழுதும் ஒட்டிக்கொள்வதில்லை. மெத்தையின் மேல் மெல்லிய பாயை விரித்து, அதன்மேல் பருத்தித் துணியைப் போட்டுப் படுப்பது, மெத்தையின் தாங்கலையும் பாயின் காற்றோட்டத்தையும் ஒருங்கே தரும் எளிய வழியாகும்.

வாங்குமுன் சில சோதனைகள்

முதலாவது: மெத்தையின் மேலுறைத் துணியில் வாய் வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு எளிதில் ஊடுருவினால் காற்றோட்டம் உண்டு.

இரண்டாவது: விரிப்புத் துணியில் ஒரு சொட்டு நீரை விட வேண்டும். நீர் உடனே பரவி மறைந்தால் துணி வியர்வையை ஏற்கும். முத்துப்போல் நின்றால் ஏற்காது. புதுத்துணியில் கஞ்சி இருக்குமாதலால் ஒருமுறை துவைத்தபின் சோதிப்பது சரியான முடிவைத் தரும்.

மூன்றாவது: வெட்கப்படாமல் பத்து நிமிடம் மெத்தையில் படுத்துப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுக்கையில் இடுப்பின் கீழ்க் கையை நுழைத்தால், சற்று உரசிக்கொண்டு போக வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால் மெத்தை மிகக் கடினம். கையே நுழையாவிட்டால் மிக மென்மை. குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்வோருக்கு இது முக்கியம். நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரைக் கொண்டு ஸ்பெயின் நாட்டில் நடத்தி, 2003-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே வலியை அதிகம் குறைத்தது. இடுப்புவலிக்குப் பலகைதான் மருந்து என்னும் எண்ணம் எல்லாருக்கும் பொருந்தாது.

நான்காவது: ‘ரப்பர் மெத்தை’ என்றால் முழுதும் இயற்கை ரப்பரா, செயற்கை கலந்ததா, மேலே ஒரு படலம் மட்டும் ரப்பரா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். ரப்பர் பாலால் தோல் தடிப்போ மூச்சுத் திணறலோ அடைபவர் வாங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம்.

பாதுகாக்கும் முறை

புதுமெத்தையின் பிளாஸ்டிக் உறையை முதல் நாளே அகற்றிவிட வேண்டும். முன்னர்க் கூறிய குடும்பத்தின் தவறு இதுவே. பிளாஸ்டிக் காற்றையும் விடாது, ஈரத்தையும் விடாது. அதன்மேல் படுத்தால் எவ்வளவு உயர்ந்த மெத்தையும் பயன் தராது. அழுக்கைத் தடுக்கக் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை போதும். சிறுவர் படுக்கையை நனைப்பராயின், அந்த இடத்தில் மட்டும் நீர்புகாத் துணியை இட்டு, மேலே துவாலையை விரிக்கலாம்.

பஞ்சு மெத்தைக்கு வெயில் நண்பன். ரப்பர் மெத்தைக்கு வெயில் பகைவன். இதனை நன்கு நினைவிற்கொள்க. நேர் வெயில் பட்டால் ரப்பர் நுரை நிறம் மாறி, இறுகி, நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும். இலவம் பஞ்சு மெத்தையைக் காய வைக்கும் பழக்கத்தில் ரப்பர் மெத்தையையும் முற்றத்தில் போட்டுவிடலாகாது. நிழலில், காற்றுபடும் இடத்தில் நிறுத்தி வைத்து உலர்த்துவதே முறை.

மூட்டைப்பூச்சிக்காக மண்ணெண்ணெய் தெளிப்பது பெருந்தவறு. மண்ணெண்ணெய் ரப்பரை ஊதச்செய்து கெடுக்கும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் ரப்பர் தலையணையைக் கெடுக்குமாதலால் இரட்டை உறை இடுவது நன்று. விரிப்பையும் உறையையும் வாரந்தோறும் 60 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் துவைத்தால், இழுப்பு நோயைத் தூண்டும் தூசிப் பூச்சிகள் மடியும்.

மெத்தையைச் சிமெண்டுத் தரையில் நேரே போட்டால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் படரும். இடைவெளி விட்டுப் பலகைச் சட்டங்கள் அடித்த கட்டிலே சிறந்தது. பழைய பலகைகளைக் கொண்டு நாமே செய்துகொள்ளலாம். எழுந்தவுடன் போர்வையை மடித்து மூடிவிடாமல், விரிப்பைச் சற்று நேரம் திறந்து காற்றாட விட வேண்டும்.

குழந்தையின் படுக்கை

ஓராண்டு நிறையாத குழந்தைக்கு மென்மையான மெத்தை ஆபத்தானது. முகம் புதைந்தால் தானே திரும்பிக்கொள்ள அதற்கு வலுவில்லை. சமமான, உறுதியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, பஞ்சுப் பொம்மை, கனத்த போர்வை எதனையும் அருகில் வைத்தலாகாது. குழந்தைக்குக் குளிரும் என்று துணிமேல் துணியாகச் சுற்றுவதும் தீது. பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்து, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும்.

சட்டம் தரும் காப்பு

முதலாளியின் விடுதியில் கூட்டாகத் தங்கும் தொழிலாளருக்குப் படுக்கை ஒரு சலுகையன்று, உரிமை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அதன்கீழ் 2020-இல் இயற்றப்பட்ட விதிகளின்படி, ஒவ்வொருவருக்கும் 1.7 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டிலும், 4 அங்குலத்திற்குக் குறையாத கனமுள்ள வசதியான மெத்தையும், தலையணையும், போர்வையும் வழங்கப்பட வேண்டும். இவை இல்லாதவிடத்து நிர்வாகத்திடம் தெரிவிக்கலாம். பயனில்லையெனில் தொழிலாளர் இலாகாவை அணுகலாம். மொழி அறியாத பிற நாட்டுத் தொழிலாளர் நம் அருகில் இருந்தால், அவர்களுக்கும் இதனை எடுத்துச் சொல்வது நம் கடமை.

முடிவாக

பணம் உள்ளவர்க்கே நல்லுறக்கம் என்பதில்லை. பிளாஸ்டிக்கை அகற்றுவதற்குச் செலவில்லை. பருத்தித் துணியும் பாயும் எளிய விலையில் கிடைப்பவை. கட்டிலைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, சன்னலுக்கு எதிரே வலை கட்டிப் படுப்பதற்கு எவரும் தடை சொல்லார். இவற்றை முதலில் செய்து பார்ப்போம். அதன் பின்னும் மெத்தை மாற்ற வேண்டியிருந்தால், பொருளின் குணம் அறிந்து, படுத்துப் பார்த்து, நம் வருவாய்க்கு ஏற்றதை வாங்குவோம்.

பிறர் உறங்கும் மெத்தைக்குப் பால் எடுத்துத் தரும் கைகள், தாமும் நன்கு உறங்கி எழ வேண்டும். நன்கு உறங்கியவர் வெட்டும் கோடு நேராக இருக்கும்; பட்டையும் காயமின்றி வளரும்; வீட்டிலும் அன்பு நிலவும். இன்றிரவே நம் படுக்கையை ஒருமுறை உற்று நோக்குவோமாக.